வெறும் வயிற்றில் வந்த மாமி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் எல்லோருக்கும் பழகிப் போய்விட்டது. ஆனால் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்து எனக்கு வரும் கோபம் தனி ரகம். ஒரே ஆளின் இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று சண்டை போட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. எங்கோ தப்பு நடந்திருக்கிறது, அது எங்கே என்று தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்காது.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு புது மருந்து கடைக்கு வருவதற்கு முன்னால், சம்மதிக்கிற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? அவர்களை வரவழைப்பது, ரத்தம் எடுக்க வைப்பது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று துருவித் துருவிக் கேட்பது எல்லாம் என் தலையில். அப்போது நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தது சர்க்கரை நோய்க்கான ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்குப் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவு வரும்வரை தெரியவும் கூடாது.

அதில் சேர்ந்திருந்தவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து மாமி. உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் தனியாக இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். ஒரு கண்ணில் பார்வை மங்கல், விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உள்ளே வரும்போதே வாட்ச்மேனில் ஆரம்பித்து எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார். அவர் வருகிற நாளில் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது.

பிரச்சினை என்னவென்றால், மாமியின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி நன்றாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை எகிறி நின்றது. ஆராய்ச்சியின் விதி கறாரானது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இப்படித் தொடர்ந்து ஏறியே இருந்தால், அந்த நோயாளியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு வேறு சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் இன்சுலின் என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த முறையும் ஏறியிருந்தால் அன்றிலிருந்தே தினமும் படுக்கப் போகும் முன் ஊசி.

“மாமி, இன்சுலின் போட்டா சில சமயம் தூக்கத்துல சர்க்கரை ரொம்ப இறங்கிடும். மயக்கம் வரும். வீட்ல யாராவது கூட இருக்கணும்” என்று டாக்டர் சொன்னார்.

“எங்கூட யார் இருக்கா? பெருமாள்தான் இருக்கார்” என்றார் மாமி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சராசரி சொல்வது நிஜம் என்றால் இந்த மாமிக்கு இன்சுலினே தேவையில்லை. தேவையில்லாத உடம்பில் அதை ஏற்றினால், அந்தச் சந்து வீட்டில் மயங்கி விழுந்து கிடந்தாலும் கேட்க நாதியில்லை. ஒரு உயிரே போய்விடலாம்.

முதலில் லேபில் போய்ச் சண்டை போட்டேன். அந்த டெக்னீஷியன் பாவம், அதே ரத்தத்தை இன்னொரு மெஷினில் ஓட்டிக் காட்டினார். அதே எண். மாமி திருப்பிக் கொடுத்த மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கடைசியில் மாமியையே பிடித்துக்கொண்டேன்.

“மாமி, நிஜத்தைச் சொல்லுங்க. காலையில காபி குடிச்சீங்களா?”

“தண்ணிகூடப் பல்லுல படலை.”

“டிபன்?”

“நான் ஏன் பொய் சொல்றேன்? எனக்கு என்ன தலையெழுத்தா?” மாமிக்கும் கோபம் வந்துவிட்டது. அந்த முகத்தில் பொய் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

டாக்டரிடம் போனேன். “வெற்று மாத்திரையா இருக்கும் மேடம். இன்சுலின் ஆரம்பிச்சா சரியாயிடும்” என்றார்.

“அப்ப சராசரி எப்படி சார் இறங்குது?”

“சில பேருக்கு அப்படித்தான்.”

இந்த உலகத்தில் எனக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சில பேருக்கு அப்படித்தானாம்! காரணம் தெரியவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? வெளியே வந்ததும் முடிவு செய்துவிட்டேன். அடுத்த பரிசோதனை நாளன்று மாமி வீட்டுக்கே போய், அவர் எழுந்ததிலிருந்து லேபுக்கு வந்து கை நீட்டும்வரை கூடவே இருப்பது.

அந்த நாளும் வந்தது. விடிந்தும் விடியாமலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் குளிர் காற்று முகத்தில் அடித்தது. சந்து வீட்டுக் கதவைத் தட்டக் கை வைத்தேன், அது தானாகத் திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போடவில்லை.

“என்ன மாமி இது, கதவைத் திறந்து போட்டுட்டா தூங்குறீங்க? தனியா இருக்கீங்க, எவனாவது உள்ள வந்தா?” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“ராத்திரி காத்து வரட்டுமேன்னு விட்டேன். நீ எங்க கொழந்தே இவ்ளோ காலம்பர?” மாமி குளித்து முடித்து நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு நின்றார்.

விஷயத்தைச் சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த சின்ன மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன். நன்றாக இருந்தது. என் சர்க்கரையைவிட நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். மாமியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் நான் வந்தது மாமி வழக்கமாக என்ன செய்கிறார் என்று பார்க்க. அதனால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வீதிக் கோடியில் ஒரு சின்னச் சந்நிதி. மாமி உள்ளே போய்ச் சேவித்தார். நான் பாலக்கரையில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றேன். மாமி தீர்த்தம் வாங்கிக்கொண்டார், துளசி வாங்கிக்கொண்டார். பிறகு பட்டர் ஒரு தொன்னையை நீட்டினார். அதில் ஆவி பறக்கச் சர்க்கரைப் பொங்கல். வெல்லமும் நெய்யும் வாசலுக்கே மணத்தன. மாமி அதைக் கண்ணில் ஒற்றி, அங்கேயே நின்று, ஒரு பருக்கை விடாமல் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“மாமி!” நான் போட்ட கூச்சலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “ஒண்ணும் சாப்பிடலைன்னீங்களே!”

“எங்க சாப்பிட்டேன்?”

“இப்ப என்ன செஞ்சீங்க?”

“ஏன்டிம்மா, இது பிரசாதம்னா! இதைப் போய் யாராவது சாப்பாட்டுல சேர்ப்பாளா?”

“தினமும் காலையில இங்க வருவீங்களா?”

“இல்லையே. மத்த நாள்ல சாயங்காலந்தான் வருவேன், அப்ப தீர்த்தம் மட்டும். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு மட்டும் காலம்பர. ரத்தம் குடுக்கப் போறேனே, சேவிக்காம எப்படிப் போறது?”

மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருக்கும் சர்க்கரை, பரிசோதனை நாளில் மட்டும், அந்தப் பரிசோதனைக்குப் பயந்து சேவிக்கப் போனதாலேயே ஏறியிருக்கிறது! திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஒன்று உறைத்தது. உபவாசம் இருந்துவிட்டுப் பூசையில் நற்கருணை வாங்கும் என் அம்மா, உபவாசம் கலைந்துவிட்டது என்று ஒரு நாளாவது நினைத்திருப்பாரா? நானே நினைத்ததில்லையே. வாயை மூடிக்கொண்டேன். இப்போதெல்லாம் நான் யாரிடமும் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. கோயில், சர்ச், தர்கா எதற்காவது போனீர்களா, வாயில் ஏதாவது போட்டீர்களா என்று கேட்கிறேன். ஆமாம் என்று தலைகள் எவ்வளவு சுலபமாக ஆடுகின்றன தெரியுமா!

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். “ஆனா மேடம், வீட்டு மெஷின் கணக்குல சேராது. நாளைக்கு லேப்ல எடுங்க. அதுலயும் ஏறியிருந்தா நான் ரூல்படிதான் போவேன்.”

“நாளைக்கு மட்டும் கோயிலுக்குப் போகாம வந்துடுங்க மாமி” என்றேன்.

“முடியாது.”

“சரி, போங்க. பொங்கல் வேணாம்னு சொல்லிடுங்க.”

“பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றதாவது! அபசாரம்.”

அடேயப்பா, என்னைவிடப் பிடிவாதக்காரி. “சரி, வாங்கிக்குங்க. ஆனா கையிலயே வச்சுக்கிட்டு பஸ் ஏறுங்க. ரத்தம் எடுத்த அடுத்த நிமிஷம் சாப்பிடுங்க. நானே பக்கத்துல நிக்கிறேன்.”

“ஆறிப் போயிடுமே” என்றார் மாமி. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் மாமி வாழை இலையால் மூடிய தொன்னையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லையாம், கண்டக்டர்தான் ஒருவரை எழுப்பிவிட்டு இடம் வாங்கிக் கொடுத்தாராம். ரத்தம் எடுத்தார்கள். மாமி முதல் வாயை என் கையில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். ரிசல்ட் வருகிறவரை நான் லேப் வாசலை விட்டு நகரவில்லை.

வந்தது. ஏறவில்லை. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு மாமியிடம், “இன்சுலின் வேண்டாம் மாமி. இதே மாத்திரையே தொடரலாம்” என்றார்.

பெருமாளுக்கு நன்றி சொல்லி ஒரு பிரசங்கமே வரப் போகிறது என்று நினைத்தேன். மாமியோ முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்போ இனிமே கதவைத் தாழ்ப்பாள் போட்டுண்டு தூங்கலாமோன்னோ? ஊசி போட்டுண்டு மயங்கிக் கிடந்தா யாராவது உள்ள வரணுமேன்னுதான், இப்பலேர்ந்தே திறந்து வச்சுப் பழகிண்டிருந்தேன்.”