கதீட்ரல் வாசலில் கழற்றிய செருப்பு

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரசம் வந்த நேரம். பக்கத்து மேஜைத் தம்பி என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பகுதியைப் படிப்பவராம்.

“அண்ணே, இங்கிலாந்துல பெரிய சர்ச் பாக்கப் போறேன்னு எழுதியிருந்தீங்களே… எப்படி இருந்துச்சு?”

நான் ரசத்தைக் குடித்தேன்.

நீங்களும் கேட்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எண்ணூறு வருஷத்துக் கதீட்ரலில் நான் அதிக நேரம் பார்த்தது செருப்பை.

அந்தக் கதீட்ரலின் கூரையைப் பார்க்க எனக்குப் பழைய ஆசை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவன் நான். ரவாங்கில் கொஞ்ச நாள் வேலை, கப்பலில் கொஞ்ச நாள், அப்புறம் பெட்டாலிங் ஜெயாவில் கட்டட வேலை. அங்கே சாரத்திலிருந்து விழுந்தேன். காலுக்குள் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது யாரோ விட்டுப்போன பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். கதீட்ரலின் உட்கூரை. முழுக்கக் கல். கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை. பிறகு எப்படி நிற்கிறது? ஒருநாள் அதற்குக் கீழே போய் நின்று பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பண்டமாரானில் லோரி வைத்திருக்கும் நண்பர் ராஜன் புண்ணியத்தில் அது நடந்தது. அவர் மனைவிக்கு முட்டிவலி, டூரில் ஒரு இடம் காலி. “துணைக்கு வா லா” என்றார். போனேன். பஸ் முழுக்கக் கிள்ளான்காரர்கள். டூர் லீடர் காயத்ரி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — கதீட்ரலுக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் பஸ் நிற்காது. எனக்கு அது போதும். இனிமேல் அந்தப் பக்கம் நான் எங்கே போகப்போகிறேன்?

வாசலில் இறங்கினோம். கல்லில் செதுக்கிய ராஜாக்களும் புனிதர்களும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தார்கள். எங்களோடு பஸ்ஸில் வந்த சரஸ்வதி ஆன்டி குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

இங்கே யாரும் கழற்றுவதில்லை, குளிரும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“கோயில்னா கோயில்தான் தம்பி. அவங்களுக்குத் தெரியலன்னா நாமளும் தெரியாத மாதிரி போகணுமா?”

ராஜன் கழற்றினார். பின்னாலேயே மொத்த பஸ்ஸும் கழற்றியது. நான் மட்டும் ஷூவோடு நின்றால், ஊருக்குத் திரும்பும்வரை அதையே பேசுவார்கள். கழற்றினேன். கதவோரம் ஒரு பலகைக்குக் கீழே எல்லாவற்றையும் அழகாக, ஜோடி ஜோடியாக அடுக்கினோம். பலகையில் என்னமோ எழுதியிருந்தது. படித்தது யார்? என் கண் அப்போதே மேலே போய்விட்டது.

உள்ளே கால் வைத்தேன். ஐஸ் பெட்டிக்குள் நிற்பது போலிருந்தது. தலையைத் தூக்கினேன்… காயத்ரி ஓடிவந்தார்.

“அங்கிள், வெளிய ஒரு ஷூ கூட இல்ல.”

அந்தப் பலகை இப்படிச் சொன்னது: வீடில்லாதவர்களுக்குத் துணி, காலணி கொடுக்க விரும்புகிறவர்கள் இங்கே வைக்கவும். நாங்கள் வைத்திருந்தோம்! தொண்டு செய்யும் அம்மாக்கள் நன்றியோடு அள்ளிக்கொண்டு பக்கத்து மண்டபத்துக்குப் போய்விட்டார்கள்.

கப்பலில் பழகிய இங்கிலீஷ் எனக்கு இருக்கிறதாம். அதனால் என்னை அனுப்பினார்கள்.

மண்டபத்தில் ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்து, இவ்வளவு நல்ல காலணிகளை யாரும் கொடுத்ததே இல்லை என்றார். அவரிடம் போய், மன்னிக்கவும், அது தானம் இல்லை, பக்தி என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவருக்குப் புரிவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

அடுத்த கூத்து, எது யாருடையது என்று கண்டுபிடிப்பது. அதற்குள் சைஸ் வாரியாகப் பிரித்துப் பெட்டிகளில் கலந்திருந்தார்கள். ராஜனுக்கு போன் போட்டேன். “கறுப்பு கலர்தான், பாரு” என்றார். எல்லாமே கறுப்பு! கடைசியில் வீடியோ கால். ஒவ்வொரு ஷூவாகத் தூக்கிக் காட்டினேன். அவர்கள் எல்லாரும் என்னுடைய கூரைக்குக் கீழே பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, “அது இல்ல, அடுத்தது காட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். போனில் ராஜனின் தலைக்குப் பின்னால் அந்தக் கல் கூரை கொஞ்சமாகத் தெரிந்தது. இதற்கா நான் இவ்வளவு தூரம் போனேன்?

எல்லாம் கிடைத்தது, என்னுடையதைத் தவிர.

அது மண்டபப் படிக்கட்டில் ஒரு தாடிக்காரர் காலில் இருந்தது. லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய ஜோடி, அடிப்பாகம் வாயைப் பிளந்து கிடந்தது. அப்படி ஒரு ஜோடியோடு நானும் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறேன். ஈரம் விரலிடுக்கில் என்ன செய்யும் என்று தெரியும். திருப்பிக் கேட்கவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை… அவருக்கு அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

மூட்டையோடு திரும்பியபோது பஸ் புறப்படும் நேரம். மற்றவர்கள் ஷூ மாட்டும் வரைக்கும்தான் உங்களுக்கு டைம் என்றார் காயத்ரி. வெறும் காலுறையோடு ஓடி, கதீட்ரலின் நடுவே ஒரு பெஞ்சில் மல்லாந்து படுத்தேன்.

தூண்கள் மேலே போய், பனை மட்டை மாதிரி விரிந்து, எதிர்ப்பக்கத்து விரல்களோடு கோத்துக்கொள்கின்றன. ஒரு கல் விழப் பார்க்கிறது. அடுத்த கல் விடமாட்டேன் என்கிறது. எல்லாக் கல்லும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே இத்தனை காலம் நின்றுவிட்டன. என் காலில்கூடக் கம்பி இருக்கிறது. அந்தக் கூரையில் இல்லை.

“அங்கிள்! பஸ்!”

பார்த்தது அவ்வளவுதான்.

பஸ்ஸில் சரஸ்வதி ஆன்டி என் காலைப் பார்த்தார். பையிலிருந்து தன்னுடைய பூப்போட்ட ரப்பர் சிலிப்பரை எடுத்துக் கொடுத்தார். மிச்ச இங்கிலாந்தை அதில்தான் நடந்தேன்.

நேற்று முன்தினம் கிள்ளானில் ஒரு கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினார். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். அதை ஹேண்ட்பேக்கில் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, நேராகச் சாமி முன்னால் போனார்.

கோயில்னா கோயில்தானே ஆன்டி, செருப்பை உள்ளே கொண்டு போகலாமா என்று கேட்டேன்.

“வெளிய வெச்சா யாராச்சும் தானம் பண்ணிருவாங்க லா தம்பி.”