தேன் போத்தல்களைச் சுற்றிய தாள்

முதலில் அவன் முடியை வெட்டினோம். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் பிளாட்டின் சமையலறையில் அவனை உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, நான்தான் வெட்டினேன். காதை மூடிய முடியோடு ஊரில் போய் இறங்கினால் விமான நிலையத்திலேயே ஓரமாக நிறுத்திவைப்பார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆம்பிளையின் முடிக்குக்கூடச் சட்டம் போட்டிருந்த நாடு எங்களுடையது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் தங்கை இன்னமும் அங்கேதான் இருக்கிறாள்.

அவன் எங்கள் ஊர்ப் பையன். அப்பா தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டுகிறவர். உபகாரச் சம்பளத்தில் பொறியியல் படிக்க வந்து, எங்கள் பிளாட்டுக்குக் கீழே இரண்டு பேரோடு தங்கியிருந்தான். என்னை அக்கா என்பான். நான் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரைத் திறந்தால் கடைசிப் பக்கத்தில் கால்பந்து முடிவுகளைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிற ஜாதி அவன். அரசியல் கூட்டம் எதற்கும் அவன் போய் நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னாக்கா, பள்ளிக்கூடத்துப் பையனா ஆக்கிட்டீங்க" என்று சிரித்தான். அந்த முடி போனதோடு ஆபத்தும் போய்விட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். அக்காவுக்குக் கம்பளிச் சட்டை, மாமாவுக்குச் சத்து மாத்திரை, யாருக்கோ டின் பாலாடைக்கட்டி. போகிறவனுடைய துணிமணிக்குப் பெட்டியில் இடம் இருக்காது. வேண்டாம் என்று சொல்லவும் கூடாது, பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. பிரித்தால் கொடுத்தவரைத் திருடன் என்று சொன்னதற்குச் சமம். நானும் இரண்டு முறை அப்படிச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

சிட்னியிலேயே மெரிலேண்ட்ஸ் பகுதியில் ஓர் அங்கிள் இருந்தார். எங்களுக்கு முன்பே படிக்க வந்து, கணக்காளராகி, வீடு வாங்கித் தங்கிவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் மாணவர்களுக்கு எப்போதும் சோறு உண்டு. அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. அந்த மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். தரையில் விரிக்கப் பழைய பேப்பர் வேண்டும் என்று கேட்டார். பையன்கள் பல்கலைக்கழகத்தில் சும்மா குவிந்து கிடந்த மாணவர் பத்திரிகையைக் கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து போட்டார்கள். எங்கள் நாட்டில் சிறைக்குப் போன மாணவர்களைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நாங்கள் அதில் உருளைக்கிழங்குத் தோலைச் சுற்றி எறிவோம். எங்களுக்கு அது பேப்பர், அவ்வளவுதான்.

அவன் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அங்கிள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊரில் இருக்கும் தன் அக்காவுக்காகத் தேன் போத்தல்களைச் சுற்றினார். பெயிண்ட் வேலையில் மிஞ்சிய தாள்கள்தான். உடையாமல் போகவேண்டுமே என்று மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, தேன் பத்திரம்" என்றார். அவன் தலையை ஆட்டினான். இதற்காக நான் அவர்மேல் கோபப்படவில்லை. நானாக இருந்தாலும் அந்தத் தாளில்தான் சுற்றியிருப்பேன்.

ஊர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கயிற்றை அறுத்தார். தேனை ஓரமாக வைத்துவிட்டுத் தாளைத்தான் நீவி நீவி விரித்தார். அவனுடைய அப்பா பிறகு எழுதியதில் இது தெரியவந்தது. தடைசெய்யப்பட்ட அச்சுச் சரக்கைக் கொண்டுவந்தான், பரப்பப் பார்த்தான் என்றார்கள். யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அங்கிளின் பெயரைச் சொன்னால் அன்றைக்கே அவருடைய அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த அக்காவின் புருஷன் அரசாங்க குமாஸ்தா. அடித்துக் கேட்டும் தெரியாது என்றான். விசாரணை இல்லை, நீதிமன்றம் இல்லை, எத்தனை காலம் என்ற கணக்கும் இல்லை. இருபது வயதுப் பையனை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

பொட்டலம் கொடுத்தவர் சிட்னியில் இருந்து ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், பையன் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை, தேனைச் சுற்றிவந்த தாள் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு வக்கீல் சொன்னாராம். அவன் அப்பா எனக்குக் கடிதம் போட்டார். நான் அன்று மாலையே ரயில் ஏறி மெரிலேண்ட்ஸ் போனேன்.

அங்கிள் புல் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அது என் பேப்பரா இருக்காதும்மா. எத்தனை பேரு சாமான் குடுத்தாங்க" என்றார்.

"நீங்க சுத்துனத நான் பார்த்தேன் அங்கிள்."

"நீ சாப்பிட்டுக்கிட்டு இருந்த." புல்வெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மகளுக்கு அங்கதான் கல்யாணம் பேசியிருக்கோம். நான் பேரக் குடுத்தா இனி அந்த மண்ண மிதிக்க முடியுமா? மச்சான் வேலை என்னாகும்? தம்பி பேரச் சொல்லலியே. நல்ல பிள்ளை. எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்ச பிள்ளை."

அந்தக் கடைசி வார்த்தைகளை நான் மன்னிக்கவே இல்லை. அவன் அடி வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பது இவருக்கு நல்ல வளர்ப்பாகத் தெரிந்தது. ஆன்ட்டி உள்ளேயிருந்து வந்து, "பசியாறிட்டுப் போம்மா" என்றார். வேண்டாம் என்று திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சோற்றை நான் தொடவில்லை.

நகரத்தில் இருந்த எங்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு நானே போனேன். நான் கண்ணால் பார்த்தேன், எழுதித் தருகிறேன் என்றேன். அதிகாரி மரியாதையாகத் தேநீர் கொடுத்தார். "கொடுத்தவர் வந்து சொல்லட்டும், பார்த்தவர் எதற்கு?" என்றார். பெயர் என்ன என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அந்தப் பையன் அடி வாங்கியும் சொல்லாத பெயரை நான் தேநீர் குடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் என் பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே எடுத்துப்போய், வெகுநேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதே மாதங்களில் ஒரு வெள்ளைக்காரப் பையன், சிட்னிக்காரன்தான், ஆசியாவைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் காலில் போட்ட சப்பாத்துக்குள் கஞ்சா வைத்திருந்து பிடிபட்டான். அங்கேயும் கடுமையான சட்டம்தான். அவன் அம்மா தொலைக்காட்சியில் அழுதார். தினமும் பேப்பரில் படம். அவனுக்காக அவன் நாட்டு அரசாங்கம் ஆள் அனுப்பியது. எங்கள் பிளாட்டின் சொந்தக்கார வெள்ளைக்காரம்மா, அவனை விடச்சொல்லிக் கையெழுத்து வாங்க வாசலுக்கு வந்தார். நானும் போட்டேன். பெற்றவள் அழுகை பெற்றவள் அழுகைதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. எங்கள் பையனைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். பாவம் என்றார். பிறகு, "ஆனால் அந்த ஊர்ச் சட்டம் அவனுக்குத் தெரிந்திருக்குமே, கண்ணே" என்றார். நான் கதவை அறைந்து சாத்தினேன். அடுத்த மாதம் வாடகையை உயர்த்தினார்.

எங்கள் ஆட்களோ இன்னும் மோசம். அவன் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றினார்கள். தீபாவளிக்கு ஒன்றுகூடிய இடத்தில் ஒருவர், நெருப்பில்லாமல் புகையுமா, பையன் ஏதாவது பண்ணியிருப்பான் என்றார். அவனோடு ஒரே அறையில் படுத்தவன் பக்கத்தில் நின்று கேசரி தின்றுகொண்டிருந்தான்.

இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். உபகாரச் சம்பளம் போயிற்று, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். இடது காது கேட்கவில்லை என்று அவன் அப்பா எழுதினார். ஏன் என்று எழுதவில்லை.

அதற்கடுத்த வருடம் நான் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பினேன். கிளம்பும் அன்று மதியம் பிளாட்டில் கூட்டம். வழக்கம்போலப் பொட்டலங்கள். அங்கிளும் ஆன்ட்டியோடு வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பெட்டி ஒன்றைச் சமையலறை மேசையில் வைத்து, "அக்காவுக்குத் தேன்மா" என்றார். எந்தத் துணிச்சலில் கொண்டுவந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் கத்தரிக்கோலை எடுத்து எல்லோர் முன்னாலும் கயிற்றை வெட்டினேன். யாரோ, "என்னம்மா இது" என்று முனகினார்கள். போத்தல்களை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாம் வெள்ளைத் தாள். கடையில் வாங்கிய புதுத் தாள், ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை.

"பழைய பேப்பர் என்னாச்சு அங்கிள்?"

ஆன்ட்டிதான் வெகுளியாகச் சொன்னார்: "அந்தத் தம்பி மாட்டுன நாள்லேர்ந்து இவரு பழைய பேப்பர்ல எதையும் சுத்தறதே இல்லம்மா."

அறையில் ஒருவர்கூட ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. தேனை மேசையிலேயே விட்டுவிட்டேன். ஒரு தாளை மட்டும் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவனிடம் காட்டவேண்டும், அங்கிளை அவன் வாயால் ஒரு தடவையாவது திட்டவைக்கவேண்டும் என்று ஆத்திரத்தோடு விமானம் ஏறினேன்.

ஊருக்குப் போன வாரமே அவன் வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான், இப்போது தானாகவே. நடந்ததை எல்லாம் அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்து சொன்னேன். தாளை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் அங்கிளைத் திட்டவில்லை. தாளை விரித்து முன்பக்கம் பார்த்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். ஜன்னலருகே எழுந்து போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏர்போர்ட்ல இத யாராச்சும் பார்த்தாங்களாக்கா?" என்று கேட்டான்.

"வெறும் தாள்தான்டா" என்றேன்.

"இருந்தாலும்" என்றான். அதை நாலாகக் கிழித்து, சமையலறைக்குப் போய் அடுப்பில் போட்டான்.