எட்டு மணிக்கு அணைத்த போன்

கர்த்தருடைய நாமத்துக்கு மகிமை. சபையில் சாட்சி சொல்ல நின்றால் இந்த ஒரு வரிதான் எனக்கு நடுங்காமல் வரும். மற்றதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருத்தங்கல்காரி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். வெடிமருந்து கலக்கும் அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருடம் சீசன் நேரத்தில் பக்கத்து ஆலையில் வெடித்தது. எங்கள் தெரு அக்கா ஒருவர் அதில் போய்விட்டார். அன்றிலிருந்து என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பில் கோளாறு இல்லை, பயம்தான் என்றார் டாக்டர்.

மருந்து அறையில் கை நடுங்கினால் என்னோடு போகாது. கூட நிற்பவர்களையும் கொண்டுபோய்விடும். அது தெரிந்தும் வேலையை விட முடியவில்லை. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு போய்வந்தேன். அலுத்துப்போனேன். ஜெபம்பண்ணக்கூட அலுப்பு. "ஆண்டவரே, நீரே பாரும்" என்பதோடு சரி.

மகள்தான் போனிலேயே எனக்காக விண்ணப்பம் போட்டாள். ஓசூரில் ஒரு பெயிண்ட் கம்பெனி, கிடங்குப் பாதுகாப்பு வேலை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் எடுக்கும் மேடம் போனில் பேசுவார் என்று செய்தி வந்தது.

வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு போன் வந்ததில்லை. மகளுடைய பழைய நோட்டில் பதினாறு கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். சோறு வடிக்கும்போதும் இங்கிலீஷில் முணுமுணுத்தேன்.

"ஏம்மா, பாடம் ஒப்பிக்காத. பேசு" என்றாள் மகள்.

"பேசத்தாம்ளா வரமாட்டேங்குது" என்றேன். "என் வாய்க்கு வார்த்தை தாரும்" என்று மட்டும் ஆண்டவரிடம் கேட்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். பத்து மணிக்கு முன்பே ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, நோட்டையும் போனையும் முன்னால் வைத்து உட்கார்ந்தேன். பத்து ஆனது. பதினொன்று ஆனது. போன் அடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு நோட்டை மூடிவிட்டேன். "நீருமா என்னை வேண்டாமென்றுவிட்டீர்?" என்று வாய்விட்டே கேட்டேன். அழுகைகூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்காரர் சாப்பிட வந்தார்.

"என்ன புள்ள, பேசுனாகளா?"

"போனே வரலங்க."

"எப்படி வரும்? நான் அங்கன லோடு இறக்கும்போது நாலு வாட்டி அடிச்சேன். சுவிட்ச் ஆஃப்னுல்ல வருது!"

எங்கள் ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அணைத்து, கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு ஆலை வேன் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும்போதே நான் அணைத்துவிடுவேன். அன்றும் ஹார்ன் அடித்திருக்கிறது. அடுப்படியில் நின்றபடியே கை அணைத்திருக்கிறது. எனக்கு அது நினைவே இல்லை.

போனைப் போட்டுப் பார்த்தால், மூன்று முறை அழைத்ததாகச் செய்தி. உடனே திருப்பி அடித்தேன்.

"பத்து மணின்னு சொல்லியிருந்தோமே?" மேடம் குரல் இறுகியிருந்தது.

பதினாறு பதிலும் பறந்துவிட்டது. "மேடம், தப்பு என்மேலதான். நான் பட்டாசு ஆலையில இருக்கேன். வேன் ஹார்ன் கேட்டா என் கை தானா போனை அணைச்சிரும். பதினோரு வருசப் பழக்கம். மன்னிச்சுக்கோங்க."

மேடம் சிரித்துவிட்டார். "எங்க கிடங்குல தீப்பிடிக்கிற தின்னர் டிரம் பக்கத்துல நின்னு போன் பேசுறாங்கம்மா. சொன்னா யாரும் கேக்கறதில்லை. உங்க ஆலையில வேற என்னென்ன செய்வீங்க?"

சொன்னேன். உள்ளே போகுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவது, பருத்தித் துணிதான் உடுத்துவது, இரும்புச் சாமானைக் கையில் எடுக்காதது, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் விடாதது. நோட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. அந்த அக்காவைப் பற்றியும் சொன்னேன். அப்போதுதான் அழுதேன். மேடம் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நேரில் வரச் சொன்னார்கள். வேலை கிடைத்தது. ஏழு மாதமாக ஓசூரில் ஹாஸ்டலில் இருக்கிறேன். மகள் பரீட்சை முடிந்ததும் அவளும் வீட்டுக்காரரும் இங்கே வந்துவிடுவார்கள். களைப்பு முழுசாகப் போகவில்லை, கையும் சில நாள் நடுங்குகிறது. ஆனால் இப்போது அதை ஒளிப்பதில்லை. எந்தக் கையைச் சபித்தேனோ, அந்தக் கை செய்த தப்பை வைத்தே ஆண்டவர் என்னை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தார்.

என்னைப்போல அலுத்துப்போய், "அவர் பேசவே இல்லை" என்று யாராவது உட்கார்ந்திருக்கிறீர்களா? நானும் அன்று அதைத்தான் சொன்னேன். அதற்குள் எனக்கு மூன்று முறை அழைப்பு வந்திருந்தது. அணைத்து வைத்திருந்தது நான்தான்.