எங்கள் வீட்டுப் பிடியரி

ஒன்பது வயதில் நான் ஒரு திருட்டுச் செய்தேன். திருடியது அரிசி. அதுவும் ஏழைகளுக்கென்று எடுத்துவைத்த அரிசி. அந்தச் சமயத்தில் மட்டாஞ்சேரியில் எங்களைவிட ஏழை யார் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

நாங்கள் தேனிப் பக்கத்திலிருந்து மலை தாண்டி மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா பஜார் ரோட்டுக் கிடங்குகளில் இஞ்சி, மிளகு மூட்டை தூக்கினார். எங்கள் சந்தில் பதினெட்டு வீடுகள், முனையில் சின்னதாக ஒரு சர்ச். அந்த சர்ச்சுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். சங்கம் என்றால் ஆபீஸ், பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டிலும் அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டுவைப்பார்கள். அதற்குப் பிடியரி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கத்துப் பெண்கள் வந்து டின்களைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். சேர்ந்த அரிசி எந்த வீட்டுக்குப் போகிறது என்று மூச்சு விடமாட்டார்கள்.

இதில் சாமி வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குக் கீழேதான் பிடியரி டின் இருந்தது, ஒரு பழைய பால்பொடி டின். "எடுத்து வச்சாச்சுன்னா அது நம்ம அரிசி இல்லடி" என்பாள் அம்மா. ஊரை விட்டு வந்த இடத்தில் நாமும் கொடுக்கிற வீடு என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த மழைக்காலத்தில் அப்பா கிடங்கில் மூட்டை ஏற்றும் பலகையிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா வேலையை விட்டுவிட்டு அவரோடு நாளெல்லாம் இருந்தாள். ரேஷன் கார்டு ஊரில் இருந்தது. வீட்டில் நானும் ஐந்து வயதுத் தம்பியும்தான். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றைக் குறைத்தாள், ஆனால் அந்த ஒரு பிடியை மட்டும் குறைக்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்குள் அரிசியோடு வருகிறேன் என்று போனவள் வரவில்லை. மூன்று மணி ஆயிற்று. தம்பி முதலில் அழுதான், பிறகு அழுவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் சுருண்டு படுத்துக்கொண்டான். அழுகையைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அதைத் தாங்க முடியவில்லை. டின்னைத் திறந்து, ஒரு பிடியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உலையில் போட்டேன். உப்புப் போட்டு இருவரும் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சோற்றை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பயத்தில் தொண்டைக்குள்ளேயே இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலி டின்னை அம்மா எப்படி நீட்டுவாள்? சந்து முழுக்கத் தெரிந்துவிடுமே. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், வாசலில் மணல் கொட்டிக் கிடந்தது. டின்னில் முக்கால்வாசி மணலை நிரப்பி, மேலே நோட்டுத் தாள் ஒன்றை வட்டமாகக் கிழித்து வைத்து, அதன்மேல் அந்த ஒரு பிடி அரிசியைப் பரப்பினேன். பார்க்க நிறைகுடம் மாதிரி இருந்தது. அம்மா விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள், ஸ்கேன் எடுக்க நேரமாகிவிட்டதாம். பக்கத்து வீட்டில் சாப்பிட்டோம் என்று சொன்னேன். நம்பிவிட்டாள்.

டின்னைக் கவிழ்ப்பார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது. வாராவாரம் பார்த்த காட்சிதான், புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ. ஒவ்வொரு வீட்டு அரிசியும் சாக்கில் விழும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு வீடு. என் மணல் அத்தனை வீட்டு அரிசியோடும் கலந்து, யாரோ ஒரு வீட்டில் பிள்ளைகளின் பல்லில் கடிபடப் போகிறது. டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமென்று திரும்பினால், அது அம்மாவின் கையில் இருந்தது.

"இந்த வாரம் நல்லாவே சேந்திருக்கு" என்று கனத்தைப் பார்த்து மகிழ்ந்து போய், அதைச் சாக்குச் சேச்சியிடம் கொடுத்தாள்.

சாக்குச் சேச்சி, அதாவது சாக்கு அக்கா, நாங்கள் பிள்ளைகள் வைத்த பெயர்; சங்கத்துச் சாக்கைத் தூக்கி வருகிறவள் அவள்தான். பெரிய உடம்புக்காரி, எப்போதும் கடுகடுவென்று இருப்பாள். டின்னை வாங்கியவள் கவிழ்க்கப் போய் நின்றாள். கையில் ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அரிசி டின் தூக்கிய கை அது. ஒரு விரலை அரிசிக்குள் விட்டாள். தாள் சரசரத்தது எனக்குக் கேட்டது. அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி அடுப்பைப் பார்த்தாள். எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும்போல் இருந்தது.

"சாக்கு நெறஞ்சு போயல்லோ" என்றாள். "டின் நான் கொண்டு போகாம். சாயங்காலம் தராம்."

சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்று டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று பகல் முழுக்க, சர்ச்சில் எல்லாரும் கூடி அந்த மணலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிரியார் வருவார், போலீஸ் வரும், அம்மா தலை குனிந்து நிற்பாள். முருகனிடமும் வேண்டினேன், எதற்கும் இருக்கட்டுமென்று மாதாவிடமும் வேண்டினேன்.

சாயங்காலம் சேச்சி ஒரு பை அரிசியும் பருப்பும் எண்ணெயுமாக வந்தாள். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் சேச்சி. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

"நீ எத்தற காலமா பிடியரி இடுன்னு? அதுதன்னே திரும்பி வந்நது. வாங்கிக்கோ, பிள்ளைங்க இருக்கில்லே?"

அம்மா வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சேச்சி டின்னை என் கையில் கொடுத்தாள். கழுவித் துடைத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டாள், எப்போது சொல்லுவாளோ என்று அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தாள். வரும்போதே சாக்கின் வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாள். அம்மா டின்னை நீட்டினால், "இனி கொள்ளாது, நெறஞ்சு. நீ தன்னே வச்சோ" என்பாள். நிறைந்த சாக்கை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பாள். என்ன பலம் என்று வாயைப் பிளந்து பார்ப்பேன். அம்மா டின்னில் இருந்ததை அன்றைய உலையில் போட்டுவிடுவாள். மணல் போட்ட வீடு என்று எங்களை ஒதுக்கிவிட்டாள், எங்கள் அரிசியைத் தீண்டக்கூட மாட்டேன் என்கிறாள் என்று அவள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு என்னால் இந்த அவமானம் என்று ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன்.

நாலு மாதம் கழித்து அப்பா எழுந்து நடந்தார். மூட்டை தூக்க வேண்டாம், எடைபோடும் இடத்தில் நில் என்று கிடங்கில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வேலைக்குப் போன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, சாக்குச் சேச்சி கட்டாத சாக்கோடு வந்தாள். அம்மாவின் கையிலிருந்து டின்னை வாங்கி, தட்டித் தட்டிக் கடைசி மணிவரை கவிழ்த்துக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடிப்போய்த் தம்பியிடம் சொன்னேன்: "இந்த வாரம் மத்த வீட்டுக்காரங்க எல்லாம் கஞ்சத்தனம் பண்ணிட்டாங்கடா. அதான் சாக்குல நமக்கு இடம் இருக்கு."