நெல்லில் போட்ட கோடுகள்

பரிசு கொடுத்தால் குழந்தைகள் ஒரு வேலையை இன்னும் ஆர்வமாகச் செய்வார்கள் என்று உளவியல் வகுப்பில் கேட்டதுமே, அக்கா மகள் ரோஸிதான் நினைவுக்கு வந்தாள்.

அறுவடை முடிந்து அக்கா வீட்டு நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் ரோஸி வெறுங்காலோடு நெல்லுக்குள் இறங்கிக் கிளறுவாள். பாம்பு, ஆறு, ரயில் என்று காலாலேயே படம் போடுவாள். யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை.

"ஒரு சுற்று வந்தா ஒரு மிட்டாய்" என்றேன். அன்றைக்குப் பறந்தாள். படம்தான் ஒன்றுமில்லை, எல்லாம் நேர்கோடு.

இன்றைக்கு மிட்டாய் தீர்ந்துவிட்டது. ரோஸி நெல் பக்கமே போகவில்லை.

"ஏன்டி கிளறலை?"

"மிட்டாய் குடுங்க சித்தி, வர்றேன்."

"முன்னாடியெல்லாம் சும்மாதானே செஞ்சே?"

"அப்ப அது வேலைன்னு தெரியாதே!"

அக்கா மேகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாத்தான் படிக்கிறே போ! மழை வர்றதுக்குள்ள நீயே வந்து கிளறு."

நானே கிளறி முடித்தேன்; மழை வரவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். பரிசு ஆர்வத்தை வளர்க்கும் என்று ஒரு பக்கம் சொல்கிறது, கெடுக்கும் என்று இன்னொரு பக்கம். படித்தால் இரண்டுமே சரியாகத் தெரிகிறது. நான்தான் கெடுத்தேனா, இல்லை, அவளுக்கே சலித்துவிட்டதா? ஒன்றும் புரியவில்லை.

நாளைக்கு நானே வெறுங்காலோடு இறங்கி ஒரு யானை போடப் போகிறேன். ரோஸியைக் கூப்பிட மாட்டேன். தும்பிக்கையை மட்டும் பாதியில் விட்டுவைப்பேன்.