தோய்த்துப் போட்ட சீலைத்துண்டுகள்

ஆசுபத்திரியில் மகளுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவளுக்கு அடியில் நனைந்திருந்த துணியைச் சம்பந்தியம்மா சுருட்டி எடுத்தார். அந்த இரத்த வாடையில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்று கொக்குவில் வீட்டில், மருத்துவிச்சி வந்து சேருமுன்னே தம்பி பிறந்துவிட்டான். இரத்தம் பட்ட துடக்குத் துணியைப் பிறத்தியார் பார்ப்பதா என்று வெட்கப்பட்ட மாமி, எல்லாவற்றையும் தோய்த்து, அறைக்குச் சாம்பிராணியும் காட்டிவிட்டார்.

"சீலைத்துண்டுகள் எங்கை?" என்றார் மருத்துவிச்சி.

"தோய்ச்சுப் போட்டன். வீடு துப்புரவாக் கிடக்கு."

"நான் வீடு பாக்கவே வந்தனான்? எவ்வளவு ரத்தம் போனதெண்டு எப்பிடி அறியிறது?"

கிணற்றடிக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துண்டுகளை அவர் எண்ணினார். பதினொன்று. ஓடிவந்து அம்மாவின் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தபடியே, "காரைப் பிடியுங்கோ!" என்று கத்தினார். அதனால்தான் அம்மா தப்பினார்.

நான் சம்பந்தியின் கையைப் பிடித்தேன்.

"மச்சாள், உதை வையுங்கோ. மிஸ்ஸி பாக்கட்டும்."

"உந்த அசிங்கத்தையோ? எல்லாப் பொம்பிளையளுக்கும் போறதுதானே."

"போகட்டும். பாத்திட்டுச் சொல்லட்டும்."

நானே போய்த் தாதியைக் கூட்டி வந்தேன். அவர் துணியை விரித்துப் பார்த்து, "இது மட்டுந்தானோ?" என்றார்.

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு தன் பையைத் திறந்தார்.

"இதுக்குள்ளை இன்னும் மூண்டு கிடக்கு, மிஸ்ஸி."

தாதி மகளின் வயிற்றில் கையை வைத்து அழுத்தியபடியே டொக்டரைக் கூப்பிட்டார். ஊசி போட்டு, இரத்தம் நின்றதென்று டொக்டர் வாயால் கேட்ட பிறகுதான், நான் முருகனைக் கும்பிட உட்கார்ந்தேன்.