எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் சலுகை

பீஸ் கவுண்டரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு டிரைவர் அண்ணன் முதன்முதலில் என்னிடம் கேட்டது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. "கொறச்சும் சொல்ல வேணாம், கூட்டியும் சொல்ல வேணாம் மேடம். எம் புள்ளைக்கு வருசம் பூரா மொத்தம் எவ்வளவு ஆவும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க." அப்போது நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பள்ளி வேன் ஓட்டுவதற்குச் சேர்ந்து ஒரு வாரம். அந்த ஆறு மாதத்தில் அவரைப் போல அவ்வளவு நேராக அந்தக் கேள்வியைக் கேட்ட பெற்றோர் யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லியிருந்தார்: "மொத்தத்தச் சொன்னா மெரண்டு போயிடுவாங்கம்மா. மொத டெர்ம் எவ்வளவோ அத மட்டும் சொல்லுங்க. புள்ளய சேத்துட்டா மத்தத அவங்களே கட்டிடுவாங்க."

அவர் எங்கள் ஆள் என்பதால் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். வாசல் பலகையில் இருக்கும் கல்விக் கட்டணம் மூன்று டெர்மாகப் பிரியும். அதற்குக் கீழே பலகையில் இல்லாதவை: புத்தகம், நோட்டு, இரண்டு செட் சீருடை, விளையாட்டு நாளுக்கு வேறு நிறத்தில் ஒரு செட், கம்ப்யூட்டர், மாலை வகுப்பு, ஆண்டு விழா. கடைசியில் 'இதர' என்று ஒரு வரி. அது என்ன என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த வரியில் ஏதாவது ஒரு தொகை வரும் என்று மட்டும் சொன்னேன். ஊழியர் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, வேன் கட்டணம் கிடையாது. அதைக் கழித்து மீதியைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதம் இவ்வளவு எடுத்துவைத்தால் போதும் என்று அடியில் எழுதினேன். அவர் அந்தக் கடைசி எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "முடியும்ங்க மேடம்" என்றார். அப்போது அவர் முகத்தில் வந்த தெளிவை நான் பிறகு பார்க்கவே இல்லை.

அந்த எண்ணுக்கு அவர் கொடுத்த விலை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்கு முன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவர். இங்கே கிடைத்த சம்பளம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். உறவுக்காரர்கள் எல்லாரும் பைத்தியமா என்று கேட்டிருக்கிறார்கள். ஊரில் அரசுப் பள்ளியில் ஐந்தாவது முடித்த மகளை ஆறாவதில் இங்கே சேர்க்க வேண்டும், அதற்கு ஒரே வழி தானும் இங்கே வேலைக்குச் சேர்வது. இதுதான் அவர் போட்ட திட்டம். குறைந்த சம்பளத்தை ஈடுகட்ட அவர் மனைவி சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கும் கூலி வேலைக்குப் போனார். பண்டிகைக்குத் துணி எடுப்பதை நிறுத்தினார்கள். பைக்கை விற்றுவிட்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் பள்ளிக்கு வந்து வேனை எடுத்துக்கொண்டு திரும்ப அரியலூர் சாலையில் போவார். அவருடைய ஊர் அவர் வழித்தடத்தின் கடைசி நிறுத்தம். மகள் அங்கே ஏறுவாள். தன்னோடு நிற்கும் சின்னப் பிள்ளைகளை முன்னால் ஏற்றிவிட்டு அவள் கடைசியாக ஏறுவாள் என்று வேனில் உடன் வரும் ஆயாம்மா சொல்வார். வகுப்பில் அவள் முதல் மாணவி இல்லை, நடுவில் இருந்தாள். அதைப் பற்றி அவருக்குக் குறையே இருந்ததில்லை. "இங்கிலீசுல லெட்டர் எழுதுதுங்க மேடம், நான் கேக்காமயே எழுதிக் காட்டுது" என்று ஒரு நாள் வந்து சொன்னார்.

மூன்று வருடங்கள் ஒரு டெர்மும் தவறவில்லை. ஜூனில் புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் கவுண்டருக்கு வந்து புதிய சீட்டு எழுதி வாங்கிக்கொள்வார். 'இதர' ஒவ்வொரு முறையும் கூடியது. ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதலைப் பன்னிரண்டால் வகுத்து, வீட்டில் எதைக் குறைப்பது என்று அங்கேயே நின்று யோசித்துவிட்டுத்தான் நகர்வார்.

அவள் எட்டாவது முடிக்கிற சமயம், ஏப்ரலில், நிர்வாகத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். ஆசிரியர் அல்லாத ஊழியர்களின் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரைதான் சலுகை, ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம், வேன் கட்டணமும் உண்டு. அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தது நான். அடித்து முடித்ததும் மேலாளர் அதை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "ஜூன்ல ஸ்கூல் தெறந்தப்புறம் ஒட்டிக்கலாம். இப்ப ஒட்டினா டிரைவருங்க லீவுலயே நின்னுடுவாங்க. வெளிய போவக் கூடாதும்மா."

மே மாதம் நல்ல வெயிலில் டிரைவர் அண்ணன் வந்தார். பள்ளியில் என்னையும் வாட்ச்மேனையும் தவிர யாரும் இல்லை. விடுமுறையில் நெல் அறுவடை வண்டி ஓட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்திருந்தார். "இந்த வருசம் முன்கூட்டியே புத்தகத்துக்குக் கட்டிடுறேங்க மேடம். ஒம்பதாவது, பெரிய கிளாசு. ஜூன்ல தடுமாறக் கூடாது." பணத்தை எண்ணி வாங்கினேன். ரசீது போட்டேன். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் அந்தப் பணத்தோடு திரும்பிப் போயிருப்பார். மீண்டும் டிப்பருக்குப் போயிருக்கலாம். மகளை ஜூனிலேயே அரசுப் பள்ளியில் சேர்த்து, அவள் மற்றப் பிள்ளைகளோடு முதல் நாளிலிருந்து படித்திருக்கலாம். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டில் நகைச்சீட்டு ஓடியது. வேலை போய்விடும் என்று பயந்தேன். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். ரசீதைக் கிழித்துக் கொடுத்தபோது அவர் "வரேங்க மேடம்" என்று சொன்னார், நான் "சரிண்ணே" என்று சொன்னேன் என்பதுதான் நடந்தது.

ஜூனில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. அவர் தாளாளரின் அறை வாசலில் இரண்டு நாள் நின்றார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஐந்து நிமிடத்துக்குள். கூட்டிப் பன்னிரண்டால் வகுக்கிற வேலையே எனக்கு இல்லாமல் போனது. அந்தத் தொகையை எத்தனையால் வகுத்தாலும் அவர் சம்பளத்துக்குள் வரவில்லை. மனைவியின் தோட்டை அடகு வைத்து முதல் டெர்மில் பாதி கட்டினார். மீதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தோம். அப்படிப் பிடித்ததால் வீட்டுக்குக் கொண்டுபோவது குறைந்தது. குறைந்ததால் இரண்டாவது டெர்முக்கு எதுவும் சேரவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைக் கேட்டார் மேலாளர். திங்கள்கிழமை முதல் அந்தப் பிள்ளைகளை வேனில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. தடம் வாரியாக அடித்தேன். அவர் தடத்தில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயரில் கை நின்றது. "சார், இது நம்ம டிரைவர் பொண்ணு" என்றேன்.

"அதனால? அவருக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? நாளைக்கு மத்த பேரண்ட்ஸ் வந்து கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அடித்தேன். சனிக்கிழமை மாலை வேன் சாவியை மாட்ட வந்தவரிடம் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மூன்று பெயர்களைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. மைத்துனரிடம் பணம் கேட்க ஜெயங்கொண்டம் போயிருக்கிறார். அங்கே காத்திருந்து, கிடைக்காமல், கடைசி பஸ்ஸில் திரும்பியபோது மகள் தூங்கிவிட்டாள். விடிவதற்குள் இவர் வேனெடுக்கக் கிளம்பிவிட்டார். திங்கள்கிழமை நீ வர வேண்டாம் என்று சொல்ல அவருக்குச் சனிக்கிழமை இரவு முழுவதும் இருந்தது. எப்படியும் பணம் கிடைத்துவிடும், சொல்ல வேண்டியிருக்காது என்று இருந்துவிட்டார்.

அந்தத் திங்கள்கிழமைக் காலையை எனக்கு ஆயாம்மாதான் சொன்னார். முதல் நிறுத்தத்தில் பட்டியலில் இருந்த பையனை ஏற்றவில்லை. இரண்டாவது பெயர் ஒரு சின்னப் பெண், அவளுடைய அப்பா வேன் கண்ணாடியைத் தட்டித் தட்டித் திட்டியிருக்கிறார். "நீயும் புள்ள பெத்தவன்தானடா" என்று கத்தியதை வேனில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். இவர் வண்டியை நகர்த்தினார். கடைசி நிறுத்தத்தில் மகள் வழக்கம்போல் நின்றிருந்தாள். வழக்கம்போல் மூன்று சின்னப் பிள்ளைகளின் பையை வாங்கி மேலே கொடுத்து, அவர்களை ஏற்றிவிட்டு, கடைசியாகப் படியில் கால் வைக்க வந்தாள்.

"கதவச் சாத்துங்க ஆயாம்மா" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒம் புள்ளப்பா."

"சாத்துங்க."

அவள் அழவில்லையாம். புரியாமல் ஒரு நொடி கதவைப் பார்த்தாள், பிறகு முன்னால் போய் டிரைவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை ஏற்றியிருந்தார். "நான் இத்தன வருசம் வாழ்ந்ததுல அப்படி ஒரு மொகத்தப் பாக்கலம்மா. அந்தப் பொண்ணு மொகமில்ல, அவன் மொகம்" என்றார் ஆயாம்மா. நான் முன்னால் இருந்த கல்லாப்பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன்.

அவர் அந்த மாதக் கடைசி வரை வேலை செய்தார். மகள் பள்ளிக்கு வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது, பாக்கியைக் கட்டினால்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கடைசிச் சம்பளத்தை முழுதும் அதில் கழித்தும் போதாமல், எங்கேயோ புரட்டிக் கட்டிச் சான்றிதழ் வாங்கும்போது அரையாண்டு முடிந்திருந்தது. மனைவியின் ஊர்ப்பக்கம், ஜெயங்கொண்டத்துக்கு அருகே குடிபோய், அங்கே அரசுப் பள்ளியில் அவளைச் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கை முடித்து, பேரேட்டில் அவள் பெயருக்கு எதிரே பாக்கி இல்லை என்று எழுதியதும் நான்தான்.

இப்போது நான் அரியலூரில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். என் மகள் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இந்த வருடம் சேர்க்கைக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் முதல் டெர்ம் தொகையை மட்டும் சொன்னாள். நான் மொத்தம் கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன சொல்ல மாட்டாள், எதனால் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நானே எல்லா வரியையும் எழுதிக் கூட்டினேன். கணவர் அதைப் பார்த்துவிட்டு, "கட்டிடலாம்" என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் நான் பிள்ளையை அங்கேதான் சேர்த்தேன்.

போன மாதம் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மாலை ஆறு மணி இருக்கும். சாலையோரம் ஒரு சின்ன சரக்கு வண்டி, முந்திரி மூட்டை ஏற்றி இறக்குகிற வண்டி, காலியாக நின்றது. அதில் சாய்ந்து நின்றவர் என்னைப் பார்த்து, "மேடம், நல்லாருக்கீங்களா?" என்றார். டிரைவர் அண்ணன்தான், தலை முழுதும் நரைத்திருந்தது. என் மகளைப் பற்றிக் கேட்டார், எந்தப் பள்ளி என்று கேட்டார். நான் பேச்சை மாற்றி அவர் மகளைக் கேட்டேன்.

"பன்னெண்டாவதோட நின்னுடுச்சுங்க. இங்க ஜவுளிக்கடையில நிக்குது. இப்ப வரும்."

அந்த மே மாதத்தைப் பற்றி என்றாவது சொல்லிவிட வேண்டும் என்று பல வருடம் நினைத்திருந்தேன். சொன்னேன். "சலுகை இல்லன்னு எனக்கு ஏப்ரல்லயே தெரியும்ணே. நீங்க புத்தகத்துக்குக் கட்ட வந்தப்ப சொல்லல."

அவர் வண்டியின் பின்கதவுக் கொக்கியை மாட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "நீங்க வேல செஞ்சீங்க மேடம். நானும் அன்னைக்கு வேலதான் செஞ்சேன்" என்றார்.

எதிர்ப்புறம் கடையிலிருந்து நான்கைந்து பெண்கள் ஒரே நிறச் சேலையில் வந்தார்கள். அவர் ஒருத்தியைக் காட்டினார். அவளும் பார்த்தாள், "சாப்ட்டியாப்பா?" என்று அங்கிருந்தே கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் தோழிகளோடு டவுன் பஸ்ஸில் ஏறினாள். கூட்டம் நெரிந்தது, படி வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

"ஒரே ஊருக்குத்தானே போறீங்க? உங்க வண்டி காலியாத்தானே நிக்குது?" என்று கேட்டேன்.

"பேசாம இல்லைங்க, நல்லாத்தான் பேசும். சோறு போடும், மாத்திரை எடுத்துக் குடுக்கும். நான் ஓட்டுற வண்டியில மட்டும் ஏறாது." அவர் சாவியை எடுத்தார். "வரேங்க மேடம்."

பஸ் புறப்பட்டதும் அவருடைய வண்டியும் கிளம்பியது. முந்திப் போக வழி இருந்தும் முந்தவில்லை. விருத்தாசலம் சாலையில் திரும்பும் வரை, பஸ் நின்ற இடத்தில் நின்று, பஸ் நகர்ந்ததும் நகர்ந்து, அதன் பின்னாலேயே போனது.